எவ்வளவுன்னு முட்டிக்கிட்டு நிக்குற பேச்சு: காவிரியும் எங்க வீட்டு வண்டித் தடமும்

தாத்தா போய் நாலு வருசம் கழிச்சு தான் எங்க வீட்டுல பாகம் பிரிக்க உக்காந்தாங்க. முசிறி பக்கம் மூணு ஏக்கர் சொச்சம், ஒரு கிணறு, ஒரு பழைய ஓட்டு வீடு, அவ்வளவு தான் சொத்து. பெரியப்பா, அப்பா, அத்தை, சித்தப்பான்னு நாலு பேர். வீடு, மத்த நிலமெல்லாம் யாருக்கு எதுன்னு மொத நாளே பேசி முடிஞ்சிருச்சு, கிணத்துமேட்டு துண்டுல வந்து மாட்டிக்கிச்சு. சித்தப்பா அது எனக்கு தான் வேணும்ங்கறாரு, பெரியப்பா மூத்தவன் நான் இருக்கையில நீ எப்படி கேப்பங்கறாரு. மூணு தடவ உக்காந்தாங்க, மூணு தடவையும் சண்டையில தான் எழுந்தாங்க. ஊர்ல பேசி முடிக்கிறவங்கன்னு பேர் எடுத்த ரெண்டு பெரியவங்க வந்து, பத்து சென்ட் கூட எடுத்துக்கப்பா, சரி பதினஞ்சு எடுத்துக்க, ரோட்டோரமா எடுத்துக்கன்னு சென்ட் கணக்குலயே பேசினாங்க, சித்தப்பா தலைய குனிஞ்சிக்கிட்டு "எனக்கு கிணத்துமேடு தான்"ங்கறத தவிர வேற வார்த்தை பேசல.

நாலாவது தடவ அத்தை கேட்டாங்க. "ஏண்டா, அந்த துண்டு அண்ணனுக்கே போயிருச்சுன்னு வச்சுக்க. உனக்கு என்னடா ஆகும்?"

சித்தப்பா ரொம்ப நேரம் பேசல. அப்பறம், "பின்னால இருக்குற வயலுக்கு வண்டி எந்த வழியாக்கா போகும்? அண்ணன் இருக்குற வரைக்கும் விடுவாரு. அதுக்கப்பறம்?" அப்படின்னாரு. பெரியப்பா பையன் அங்க தான் உக்காந்திருந்தான், அவன் முன்னாடி இத சொல்ல முடியாம தான் அந்த மனுசன் மூணு உக்காரல்லயும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்காரு. பெரியப்பா உடனே, இதுக்காடா இத்தன நாள்னு கேட்டுட்டு, தடத்த பத்திரத்துலயே எழுதிரலாம்னாரு. பன்னெண்டு அடி அகலத்துக்கு வண்டித் தடம், கிணத்துல பொதுவுல பாத்தியம், ரெண்டும் செக்குபந்தியோட சேத்து எழுதியாச்சு. கிணத்துமேடு பெரியப்பாவுக்கு தான் போச்சு, சித்தப்பாவுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.

இத எதுக்கு சொல்றேன்னா, பேச்சுவார்த்தைன்னா பேச்சுத் திறமைன்னு தான் நம்மள்ல நெறைய பேர் நெனச்சிக்கிட்டு இருக்கோம், யாரு நல்லா வாதாடுறாங்க, யாரு அழுத்தி கேக்குறாங்க, யாரு மொதல்ல எறங்கி வர்றாங்கன்னு. நான் பாத்த வரைக்கும் பேச்சு உடையுற இடம் அது இல்ல. ஒருத்தர் ஒரு எண்ணயோ ஒரு துண்டயோ கெட்டியா புடிச்சிக்கிட்டு நிக்குறாருன்னா அதுக்கு அடியில ஒரு பயம் இருக்கு, அந்த பயத்த வெளிய சொல்றதுக்கு அவருக்கு இடம் கெடைக்கல, அதனால எண்ணயே திரும்ப திரும்ப சொல்றாரு. எதிர்ல இருக்குறவங்களும் எண்ணுக்கு எண்ண பதிலா சொல்றாங்க. அது அப்படியே வருசக்கணக்கா போகும். நம்ம கண்ணு முன்னாடி இதுக்கு பெரிய உதாரணம் காவிரி தான்.

காவிரி பத்தி டிவியில பேசுறப்ப எல்லாம் காதுல விழுறது டி.எம்.சி. மட்டும் தான். ஒரு டி.எம்.சி.ன்னா நூறு கோடி கன அடி, விநாடிக்கு சுமாரா 11,500 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினா வர்ற தண்ணி. மதராஸும் மைசூரும் போட்ட 1924 ஒப்பந்தத்துல அம்பது வருசம் கழிச்சு மறுபடி பாக்கணும்னு இருந்துச்சு, 1974க்கு அப்பறம் அந்த பாக்குற வேலை முடியவே இல்ல, எத்தனையோ சுற்று மந்திரிங்க பேசினாங்க, கடைசியில 1990ல நடுவர் மன்றம் வந்துச்சு. 1991ல இடைக்காலமா வருசத்துக்கு 205 டி.எம்.சி. மேட்டூருக்கு விடணும்னாங்க, அந்த டிசம்பர்ல பெங்களூர்ல தமிழ் ஆளுங்க மேல கை வச்சாங்க, குடும்பம் குடும்பமா இந்த பக்கம் ஓடி வந்தாங்க. 2007 பிப்ரவரி இறுதி தீர்ப்புல மாநில எல்லை பிலிகுண்டுலுல 192 டி.எம்.சி., 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் அத 177.25 ஆக்குச்சு. கொறச்ச 14.75ல 4.75 பெங்களூர் குடிதண்ணிக்கு, மிச்சம் 10க்கு காரணமா காட்டினது நம்ம பக்கம் இருக்குற நிலத்தடி நீர. இவ்வளவு நடந்தும் மழ கொறஞ்சா மறுபடி அதே சண்டை, 2023 செப்டம்பர்ல 26ஆம் தேதி பெங்களூர் பந்த், 29ஆம் தேதி கர்நாடகா முழுக்க பந்த்.

தீர்ப்பே வந்தாச்சு, எண்ணு தெளிவா இருக்கு, அப்பறமும் ஏன் முடியல? ஏன்னா அந்த எண்ணு நல்ல வருசத்துக்கு போட்டது. நடுவர் மன்றம் மொத்த காவிரியில 740 டி.எம்.சி. வரும்னு கணக்கு எடுத்துக்கிச்சு, அது அம்பது சதவீத நம்பிக்கைக்கு எடுத்த கணக்கு, அதாவது சுமாரா ரெண்டு வருசத்துக்கு ஒரு வருசம் அந்த அளவு வரலாம், மத்த வருசம் கொறயலாம். கொறஞ்சா விகிதாசாரப்படி பிரிச்சுக்கணும்னு தான் தீர்ப்புல இருக்கு, ஆனா எந்த மாசத்துல எந்த கணக்க வச்சு, எந்த அணையோட இருப்ப வச்சு, யாரு பயிர மொதல்ல பாக்குறதுன்னு வர்றப்ப தான் ரெண்டு பக்கமும் நெஞ்சு அடிச்சிக்குது. நல்லா மழ பேஞ்ச வருசத்துல தண்ணிய அவங்களால புடிச்சு வைக்கவும் முடியாது, நம்மளும் கேக்க வேண்டியதில்ல. சண்டையே கொற வருசத்த பத்தின பயம் தான், ஆனா பேசுறது எல்லாம் மொத்த எண்ண பத்தி.

அந்த பயத்த கொஞ்சம் கிட்ட போய் பாக்கலாம். டெல்டாவுல ஜூன் 12 மேட்டூர் தொறக்கணும்னு ஒரு கணக்கு, அப்போ தான் குறுவை நாத்து விட்டு, நட்டு, வடகிழக்கு மழ கொட்டுறதுக்கு முன்னாடி அறுத்து எடுக்க முடியும். தண்ணி இருபது நாள் தள்ளிப் போச்சுன்னா நாத்து முத்திரும், முத்தின நாத்த நட்டா தூர் கட்டாது, அப்படியே வந்தாலும் கதிர் சாயுற நேரத்துல ஐப்பசி மழ. அதனால டெல்டாக்காரருக்கு "வருசத்துல எவ்வளவு தருவீங்க"ங்கறத விட "எந்த வாரம் தருவீங்க"ங்கறது தான் உசுரு. கடலோரமா நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் போட்டா உப்புத் தண்ணி, வேற வழியும் கெடையாது.

இப்போ கர்நாடகா பக்கம் மண்டியாவுக்கு போங்க. அங்கயும் அதே ஜூன் ஜூலையில தான் வெதைக்கணும். குடகுல தென்மேற்கு மழ அப்போ தான் ஆரம்பிச்சிருக்கும், கிருஷ்ணராஜ சாகர் அணை அப்போ தான் நெறய ஆரம்பிக்கும், மொத்த கொள்ளளவே 49 டி.எம்.சி. சொச்சம், மேட்டூர் 93. ஜூலையில தண்ணிய கீழ விட்டுட்டு ஆகஸ்ட்ல மழ ஏமாத்திட்டா? நமக்கு அப்பறம் வடகிழக்கு மழ ஒன்னு இருக்கு, அவங்களுக்கு அந்த அளவுக்கு கெடையாது, மைசூரும் பெங்களூரும் அந்த தண்ணிய தான் குடிக்குது. ஆக, ரெண்டு பேருக்கும் ஒரே மாசத்துல, ஆத்துல தண்ணி வந்தும் வராம இருக்குற மாசத்துல, ஒரே தண்ணி வேணும். சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்பறம் உள்ள அட்டவணையில ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ரெண்டும் சேத்து 40 டி.எம்.சி. சொச்சம். என்னோட கருத்துல மொத்த காவிரி சண்டையும் இந்த நாப்பதுக்குள்ள தான் இருக்கு.

இத ரெண்டு முதலமைச்சர்கள் ஒரு ரூம்ல உக்காந்து பேசினா தீந்துருமே அப்படின்னு நானும் ஒரு காலத்துல நெனச்சேன். 2012 நவம்பர் 29, சுப்ரீம் கோர்ட் சொல்லி, ஜெயலலிதா பெங்களூர் போய் ஜெகதீஷ் ஷெட்டர பாத்தாங்க. நின்னுக்கிட்டு இருந்த சம்பாவுக்கு 30 டி.எம்.சி. கேட்டாங்க, எங்களுக்கே பத்தலன்னு அவர் சொல்லிட்டாரு, அன்னிக்கே முடிஞ்சிருச்சு. இதுல யாரு நல்லவங்க யாரு கெட்டவங்கன்னு பாக்க ஒன்னும் இல்ல. வெளிய கேமரா நிக்குது, ரெண்டு மாநிலமும் பாத்துக்கிட்டு இருக்கு, அந்த எடத்துல எந்த முதலமைச்சரும் "எங்க பயம் இது தான்"னு வாய தொறக்க முடியாது, தொறந்தா அடுத்த நாள் பேப்பர்ல விட்டுக்கொடுத்துட்டாருன்னு வரும். பெரியப்பா பையன் எதிர்ல உக்காந்திருந்தப்ப சித்தப்பா பேசாம இருந்த மாதிரியே தான் இதுவும்.

அதுக்கு பல வருசம் முன்னாடி இன்னொரு பேச்சு நடந்துச்சு, அத பத்தி தெரிஞ்சவங்க கம்மி. 2002ல மழ பொய்ச்சு, கோர்ட் உத்தரவு, அப்போ கர்நாடகா முதலமைச்சரா இருந்த எஸ்.எம். கிருஷ்ணா மண்டியா நோக்கி பாதயாத்திரை, இங்க நெய்வேலியில சினிமாக்காரங்க போராட்டம்னு ஊரே கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு அடுத்த வருசமே, 2003ல, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்து பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முயற்சியில ரெண்டு மாநில விவசாயிங்க ஒன்னா உக்காந்தாங்க. இந்த பக்கம் மன்னார்குடி எஸ். ரங்கநாதன் மாதிரி ஆளுங்க, அந்த பக்கம் கர்நாடகா விவசாயிங்களோட ரைத்த சங்கத்து கே.எஸ். புட்டண்ணையா மாதிரி ஆளுங்க. அதுக்கு அவங்க வச்ச பேரு காவிரி குடும்பம்.

அவங்க பண்ணினதுல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது, ஒருத்தர் ஊருக்கு ஒருத்தர் போய் வயல பாத்தது. கர்நாடகா விவசாயி டெல்டாவுக்கு வந்து காஞ்சு கெடக்குற வாய்க்கால நேர்ல பாக்குறாரு, நம்ம ஆளு அங்க போய் காவிரி படுகையிலயே ஒரு போகத்துக்கு கூட தண்ணி எட்டாத காட்ட பாக்குறாரு. அது வரைக்கும் "அவங்க தண்ணிய ஒளிச்சு வச்சிருக்காங்க", "அவங்க மூணு போகம் போட்டு வீணாக்குறாங்க" அப்படின்னு தான் ரெண்டு பக்கமும் கேள்விப்பட்டு வளந்திருக்காங்க. வயல்ல நிக்குற விவசாயிக்கு இன்னொரு வயலோட நெலம பாத்த ஒடனே புரியும், அதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்ல. அங்க பேசினது எதுவும் அரசாங்க ஒப்பந்தமா மாறல, அது உண்மை தான், எனக்கு அதுல ரொம்ப வருத்தமும் உண்டு. ஆனா கொற வருசத்துல எப்படி பிரிக்கிறதுங்கற அந்த நிஜமான கேள்விய, கோவம் இல்லாம பல வருசம் உக்காந்து பேசின எடம் அது தான்.

அதுக்காக நேர்ல பாத்து பேசினா எல்லாம் சரியாகும்னு சொல்ல வரல. 1978 செப்டம்பர்ல எகிப்து அதிபர் சாதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கேம்ப் டேவிட்ல 13 நாள் உக்கார வச்சாரு. மொத மூணு நாள் நேருக்கு நேர் உக்கார வச்சு பாத்தாரு, கத்தி கத்தி தான் பேசிக்கிட்டாங்க, அதுக்கப்பறம் ரெண்டு பேரையும் தனித்தனி குடில்ல வச்சுட்டு கார்ட்டரே நடுவுல நடையா நடந்தாரு. அப்போ அவர் எடுத்த வழி எனக்கு ரொம்ப புடிச்சது. உங்க பக்கம் என்ன தருவீங்க, அவங்க பக்கம் என்ன கேக்குறாங்கன்னு பேரம் பேசல, ஒரே ஒரு காகிதத்த அமெரிக்காகாரங்களே எழுதினாங்க, அத ரெண்டு பேர்கிட்டயும் காட்டி "இதுல என்ன தப்பு"ன்னு மட்டும் கேட்டாங்க, தப்புன்னு சொன்னத திருத்தி திரும்ப காட்டினாங்க, இருபது தடவைக்கு மேல எழுதி எழுதி மாத்தினாங்க. "ஒத்துக்குறியா"ன்னு கேட்டா மனுசனுக்கு தோத்த மாதிரி இருக்கும். "இதுல என்ன தப்பு"ன்னு கேட்டா அவன் பயம் தானா வெளிய வரும். எகிப்துக்கு, இஸ்ரேல் புடிச்சு வச்சிருந்த சினாய் மண்ணு முழுசா திரும்ப வேணும், இஸ்ரேலுக்கு அந்த மண்ணு வழியா டாங்க் வரக்கூடாது. எத்தன மைல் உனக்கு எத்தன மைல் எனக்குன்னு பேசியிருந்தா முடிஞ்சிருக்காது. மண்ணு எகிப்துக்கு, அதுல பெரும்பகுதியில ராணுவத்துக்கு கட்டுப்பாடுன்னு ஆச்சு. 1982 ஏப்ரல்ல சினாய் திரும்ப போச்சு, அந்த ரெண்டு நாடும் அதுக்கப்பறம் போர் போடல. பாலஸ்தீன மக்கள் விசயம் அந்த காகிதத்துல பாதியில நின்னுச்சு, அவங்க அந்த ரூம்லயே இல்ல, இல்லாதவங்க பயத்த அவங்களுக்கு பதிலா வேற யாராலயும் சரியா சொல்ல முடியாது.

விவசாயிங்க நேர்ல பாத்தப்ப எளகினாங்க, தலைவருங்க நேர்ல பாத்தப்ப முறுக்கிக்கிட்டாங்க, ஏன்? நான் யோசிச்சு பாத்ததுல, நேர்ல பாக்குறதா இல்லையாங்கறது விசயமே இல்ல, அந்த நேரத்துல முதுகுக்கு பின்னால யாரு நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்கங்கறது தான் விசயம். புருசன் பொண்டாட்டி சண்டைய மாமியார் முன்னாடி பேசினா முடியாது, ஆபீஸ்ல சம்பளம் கூட்டி கேக்குறத பத்து பேர் இருக்குற மீட்டிங்ல கேட்டா மேனேஜரால சரின்னு சொல்ல முடியாது. வாட்ஸ்அப் குடும்ப குரூப்ல ஒருத்தர ஏதாவது கேட்டீங்கன்னா அவர் உங்களுக்கு பதில் சொல்ல மாட்டாரு, குரூப்ல இருக்குற நாப்பது பேருக்கு தான் பதில் சொல்வாரு.

அடுத்து வார்த்தை. நம்ம தமிழ்ல சில எடத்துல வழுக்கும், அத கவனிக்கணும். "சரி"ங்கற வார்த்தைய எடுத்துக்கங்க. ஒருத்தர் சரின்னா ஒத்துக்கிட்டேன்னும் இருக்கும், கேட்டுக்கிட்டேன்னும் இருக்கும், போதும் நிறுத்துன்னும் இருக்கும். "சரி பாப்போம்"னா பாதி நேரம் முடியாதுன்னு தான் அர்த்தம். வீட்டு ஓனர்கிட்ட குழாய் ரிப்பேர் சொன்னப்ப சரிப்பான்னாரு, வாடகைக்கு இருக்குறவர் ரெண்டு வாரம் காத்திருந்துட்டு ஏமாத்திட்டாருன்னு சண்டைக்கு போறாரு, ஓனர கேட்டா காது குடுத்து கேட்டேன் அவ்வளவு தானேங்கறாரு. யாரும் பொய் சொல்லல. "சரின்னா எப்போ ஆள் வருவாங்க சார்"னு அந்த எடத்துலயே இன்னும் ஒரு வரி கேட்டிருந்தா அந்த சண்டையே இல்ல.

"ஏன்"னு கேக்குறதும் அப்படி தான். ஏன் லேட்டு, ஏன் சொல்லல, ஏன் வாங்கலன்னு கேட்டா கேள்வியா காதுல விழாது, குத்தமா தான் விழும், ஒடனே எதிர்ல இருக்குறவர் காரணம் அடுக்க ஆரம்பிச்சிருவாரு. "என்ன ஆச்சு"ன்னு கேட்டா கதை வரும். அத்தை சித்தப்பாகிட்ட "ஏன் அந்த துண்டு வேணும்"னு கேக்கல பாருங்க, அத பெரியவங்க மூணு உக்காரல்லயும் கேட்டாச்சு, எனக்கு கிணத்துமேடு தான்னு தான் பதில் வந்துச்சு. "கெடைக்கலன்னா என்ன ஆகும்"னு கேட்டப்ப தான் வண்டித் தடம் வெளிய வந்துச்சு.

இன்னொன்னு, நாங்களும் நாமளும். எதிர்ல இருக்குறவர சேத்து சொல்றதுக்கு ஒரு வார்த்தை, அவர வெளிய நிறுத்தி சொல்றதுக்கு ஒரு வார்த்தைன்னு நம்ம மொழியிலேயே தனித்தனியா இருக்கு. "எங்க அப்பா சொத்து"ன்னு ஒரு அண்ணன் தம்பிகிட்ட சொல்லிட்டா தம்பிக்கு சுருக்குன்னு ஏறும், "நம்ம அப்பா"ன்னு வந்துட்டா பேச்சு இன்னும் உசுரோட இருக்குன்னு அர்த்தம். நீங்கன்னு போய்க்கிட்டு இருந்தது நீன்னு எறங்குற எடம் இருக்கே, அங்க பேச்ச நிறுத்திட்டு ஒரு காபி குடிச்சிட்டு வரணும், அதுக்கு மேல சொல்ற எதுவும் உள்ள போகாது.

அப்பறம் திருப்பி சொல்றது. சண்டைய பேசி முடிக்கிற பழைய ஆளுங்ககிட்ட இந்த வழக்கம் நல்லா இருக்கும், ஒருத்தர் சொல்லி முடிச்ச ஒடனே பதில் சொல்ல மாட்டாங்க, "ஆக நீ என்ன சொல்ற, அண்ணன் பையன் வழி விடமாட்டான்னு பயப்படுற, அவ்வளவு தானே?" அப்படின்னு அவர் பேச்ச அவர்கிட்டயே குடுப்பாங்க. "ஆமா, அதே தான்"னு அவர் சொன்ன அப்பறம் தான் அடுத்த பேச்சு. இதுக்கு நேரம் புடிக்கும், பொறும வேணும், ஆனா "ஆமா அதே தான்" சொன்ன மனுசன் தோள் எறங்குறத நீங்க கண்ணால பாக்கலாம். அது வரைக்கும் அவர் உங்க பேச்ச கேக்கவே இல்ல, தான் சொன்னது போய் சேந்துச்சான்னு தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

ஒன்னு சொல்லிரணும், எல்லா தகராறுலயும் அடியில வண்டித் தடம் இருக்காது. சில நேரம் தோண்டி பாத்தா ரெண்டு பேருக்கும் நெஜமாவே ஒரே பொருள் தான் வேணும், அது ஒன்னே ஒன்னு தான் இருக்கும். காவிரி கொற வருசத்துல அப்படி தான், பயத்த எல்லாம் பேசினாலும் தண்ணி அதிகமாகிராது. அப்பவும் பயம் தெரிஞ்சிருந்தா பேச்சு மாறும். வருசத்துக்கு 177ல எவ்வளவு கொறைப்பங்கறதுக்கு பதிலா, குறுவைய இந்த வருசம் எத்தன ஏக்கர்ல போடுறது, மண்டியாவுல கரும்புக்கு எத்தன நனைப்பு விடுறது, யாருக்கு எந்த மாசம் நட்டம், அந்த நட்டத்த யாரு குடுக்குறதுன்னு போகும். அதெல்லாம் விவசாயிக்கு பதில் தெரிஞ்ச கேள்விங்க.

அத எப்போ பேசறதுங்கறதும் இருக்கு. வாய்க்கால் காஞ்சு, பந்த் அறிவிச்சு, ரெண்டு பக்கமும் லாரி நின்ன அப்பறம் யாராலயும் பேச முடியாது. 2024 ஜூலை கடைசியில மேட்டூர் 120 அடி நெறஞ்சுச்சு, 2025ல ஜூன்லயே நெறஞ்சுச்சு. யாரும் யாருகிட்டயும் தண்ணி கேக்க வேண்டிய அவசியம் இல்லாத அந்த மாதிரி வருசத்துல தான் கொற வருசத்துக்கான கணக்க உக்காந்து எழுதணும், ரெண்டு பக்கமும் வயல்ல நின்னவங்கள வச்சு. எங்க வீட்டுலயும் தாத்தா இருந்தப்பவே அந்த தடத்த பத்தி பேசியிருந்தா, பெரியப்பாவும் சித்தப்பாவும் அந்த வருசம் பொங்கலுக்கு பேசாம இருந்திருக்க மாட்டாங்க.